மூக்கறுந்த மன்னனும் மூச்சடங்கா எழுத்தும்

கலகக்காரன்!

கி.பி. 1039ஆம் ஆண்டில் சீனத்துச் சோங் சாம்ராஜ்யம் ஒரு மனிதனுக்குச் சூட்டிய பட்டம் அது. பட்டத்தோடு நின்றதா அரண்மனையின் ஆத்திரம்? அளித்திருந்த பதவிகளைப் பறித்தனர். அளித்திருந்த குலப்பெயரைப் பறித்தனர். எல்லையோரச் சந்தைகளை இழுத்து மூடினர். ஊர்தோறும் அறிவிப்பு ஒட்டினர்: அவனைப் பிடித்துத் தருவோனுக்கு, அல்லது அவன் தலையைக் கொய்து கொணர்வோனுக்கு, அவன் குடும்பம் வழிவழியாக வகித்துவந்த ஆளுநர் பதவியே பரிசு!

அப்படி என்ன குற்றம் இழைத்துவிட்டான்? கொலையா? கொடுமையா? அவற்றையும் செய்தவன்தான் அவன். பின்னர் சொல்லத்தான் போகிறேன், மறைக்கமாட்டேன். ஆனால் சோங் அரசவை தீட்டிய குற்றப்பத்திரிகையில் அவை இடம்பெறவில்லை. "நீர் பேரரசர், நானும் பேரரசன்" என்றான். அதுதான் குற்றம்! அண்டையில் வாழ்ந்த ஆட்டிடையர் கூட்டத்துத் தலைவன், அரியணைக்கு எதிரே அரியணை போட்டு அமர்ந்தான். அது பொறுக்கவில்லை, ஆண்டுகொண்டிருந்தவர்களுக்கு.

அவன்தான் யுவான்ஹாவ். 1003இல் பிறந்தவன். 1038இல் தாங்குத் மக்களின் அரசை நிறுவியவன். மஞ்சளாற்றின் பெரிய வளைவிலும் ஹெலான் மலையடியிலும், இன்று நிங்சியா என்று வழங்கும் வட்டாரத்தில், இன்றைய யின்சுவான் நகரிருக்கும் இடத்தைத் தலைநகராகக் கொண்டு எழுந்தது அந்த அரசு. சரித்திரப் புத்தகங்கள் அதனை 'மேலைச் சியா' என்று குறிக்கின்றன. யாருக்கு மேற்கே? சோங் தலைநகருக்கு மேற்கே! அந்த மக்கள் தம் நாட்டுக்கு இட்ட பெயர் 'வெண்மையும் உயர்வும் உடைய பெருநாடு'. 'தாங்குத்' என்பதுங்கூடப் பிறர் வைத்த பெயரே. அவர்கள் தம்மை 'மி' என்றே அழைத்துக்கொண்டனர். இன்றுவரை அவர்கள் பெயரை அவர்கள் வாயால் கேட்க நமக்கு வாய்ப்பளிக்கவில்லை, வரலாறு எழுதியவர்கள்.

பெயர் என்றால் இளக்காரமாக எண்ணவேண்டாம், தோழர்களே! இந்தக் கதையின் உயிர்நாடியே பெயரில்தான் இருக்கிறது.

யுவான்ஹாவின் முன்னோர் ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தாங் பேரரசுக்காக உள்நாட்டுக் கலகம் ஒன்றை அடக்க உதவினர். மகிழ்ந்த சக்கரவர்த்தி பரிசளித்தார். நிலமா? அவர்கள் கையில் ஏற்கெனவே இருந்த நிலத்துக்கு ஒப்புதல் தந்தார். அதனினும் 'பெரிய' பரிசு, தம் குலப்பெயரான 'லி' என்பதை அவர்களுக்கு இட்டது! அன்றுமுதல் அவர்கள் லி ஆனார்கள். தாங் வீழ்ந்தது, சோங் எழுந்தது. புதிய எசமான் புதிய பெயர் தந்தார்: 'சாவ்'. பாட்டன் லி ஜிச்சியன் 982 தொடங்கி இருபதாண்டுகளுக்கு மேலாகச் சோங்கை எதிர்த்து வாளெடுத்தவன். அவனுக்குங்கூட, 991இல் சற்றே இணங்கியபோது, சாவ் என்ற குலப்பெயரும் அதற்கேற்ற புதிய பெயரும் சூட்டினார்கள். நாய்க்குப் பெயரிடுபவன் அதன் சொந்தக்காரன். மனிதனுக்குப் பெயரிடுபவன்? கௌரவம் என்பார்கள், அருள் என்பார்கள், தலைதாழ்த்தி வாங்கிக்கொள் என்பார்கள். விலங்கு பொன்னால் செய்யப்பட்டது, ஆகவே அணிகலன் என்று வாதிடுவோர் அன்றும் இருந்தனர்.

சோங் காலத்து எழுத்தாளர்கள் குறித்துவைத்த ஒரு கதை உண்டு. சாங், வூ என்ற குலப்பெயர் கொண்ட இரு சீனர், கற்றவர்கள். சோங் அரசின் தேர்வு மண்டபம் அவர்களை மீண்டும் மீண்டும் வெளியே தள்ளியது. வெறுத்துப்போய் எல்லை தாண்டித் தாங்குத் நகரொன்றின் சாராயக்கடையில் அமர்ந்து குடித்தனர். சுவரில், "சாங் யுவானும் வூ ஹாவும் இங்கே குடித்தனர்" என்று கிறுக்கினர். யுவான், ஹாவ் இரண்டும் சேர்ந்தால் தலைவன் பெயர்! அவன் பெயரைச் சுவரில் கிறுக்குவதா? பிடித்து இழுத்துச் சென்றனர். "என் பெயரையே எழுதும் துணிவு எப்படி வந்தது?" என்று சீறினான் யுவான்ஹாவ். அமைதியாக வந்ததாம் பதில்: பிறன் தந்த குலப்பெயரைச் சுமப்பதைப் பற்றிக் கவலைப்படாதவர், சொந்தப் பெயரைப் பற்றி ஏன் கவலைப்படவேண்டும்?

கதை நடந்ததோ, புனைந்ததோ! அந்தக் கேள்வி நடந்தது. அவன் நெஞ்சிலாவது நடந்தது. ஏனெனில் 1032இல் தந்தை லி தெமிங்கிற்குப் பின் தலைமை ஏற்றதும் அவன் செய்த முதல் வேலைகளில் ஒன்று, லி என்பதையும் சாவ் என்பதையும் உதறியதுதான். 'வெய்மிங்' என்ற தாங்குத் குலப்பெயரைச் சூடிக்கொண்டான். அந்த இரு சீனருக்கும் உயர்ந்த இடம் தந்தான். தேர்வு மண்டபம் தள்ளிய அறிவை எதிரியின் பாசறை வாங்கிக்கொண்டது. 'தகுதி இல்லை' என்று கதவடைப்போர் தங்கள் கதவுக்கு வெளியே யாரை அனுப்பிவைக்கிறோம் என்று எண்ணிப் பார்ப்பதே இல்லை.

தந்தைக்கும் மகனுக்கும் முன்னரே நடந்த வாக்குவாதம் ஒன்றையும் சீன வரலாறு குறித்திருக்கிறது. லி தெமிங் 1006இல் சோங்குடன் சமாதானம் செய்துகொண்டவன், அமைதியின் பயனைக் கண்டவன். முப்பதாண்டுகளாக நம் குலம் பட்டு உடுத்துகிறது, அது சோங் செய்த நன்மை, அதை மறக்கலாகாது என்றான் தந்தை. தோலும் கம்பளியும் உடுத்தி மந்தை மேய்ப்பதே நம் இயல்பு, வீரனாய்ப் பிறந்தவன் ஆளவேண்டும், பட்டுக்கு ஏங்கலாமா என்றான் மகன். படிக்கும்போதே நெஞ்சு நிமிர்கிறது அல்லவா?

நிமிரட்டும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நிமிரவேண்டாம். இந்த இடத்தில்தான் நம் நண்பர்கள் சிலரோடு எனக்கு வழக்கு. ஆதிக்கத்தை எதிர்த்தவன் என்று தெரிந்ததும் அவனுக்கு மாலை போட்டுவிட்டு, அவன் தன் மக்களை எப்படி நடத்தினான் என்று கேட்க மறந்துவிடுகிறார்கள். சோங் சரித்திரக்காரன் 'காட்டுமிராண்டி' என்றான், அது பொய். அதற்கு எதிர்ப்பாட்டாக 'விடுதலை வீரன்' என்றால் அதுவும் பாதிப் பொய். முழு ஏட்டையும் புரட்டவேண்டும்.

தலைமை ஏற்ற சில ஆண்டுகளில் வந்தது முடி ஆணை. ஆடவர் அனைவரும் உச்சி மழித்து, ஓரங்களில் மட்டும் மயிர் விட்டு, காதில் வளையம் அணியவேண்டும். அதுவே தாங்குத் மரபாம். முதலில் தன் தலையை மழித்துக்கொண்டான், அதுவரை சரி. பிறகு நாட்டுக்குக் கெடு விதித்தான்: 3 நாள்! அதற்குள் மழிக்காதவனைக் கொல்வது எவருக்கும் உரிமை!

3 நாள். ஆடு மேய்க்கப் போனவன் 3 நாளில் வீடு திரும்பியிருப்பானா? சோங் எல்லைக்கருகில் வாழ்ந்து சீனக் கொண்டை போட்டுக்கொண்ட தாங்குத் கிழவன் ஒருவன், தன் முடியைத் தன் விருப்பம்போல் வைத்துக்கொள்ளும் உரிமையை எந்தச் சக்கரவர்த்தியிடம் போய்க் கேட்பான்? சீனன் தந்த பெயர் அடிமைச் சின்னம் என்றால், மன்னன் தந்த மொட்டை மட்டும் மானச் சின்னமா? ஒருவன் தானே உணர்ந்து எடுக்கும் முடிவுக்குத்தான் தன்மானம் என்று பெயர். கத்தி கழுத்தில் இருக்கும்போது எடுக்கும் முடிவுக்கு வேறு பெயர்.

"போர்க்காலத் தேவை ஐயா அது! சிதறிக் கிடந்த குலங்களை ஒன்றாக்க ஓர் அடையாளம் வேண்டாமா?" என்று குறுக்கிடுகிறார் வீரவணக்க நண்பர். வேண்டும்தான். ஒன்றாக்கிய லட்சணத்தை அவன் வகுத்த உடைச் சட்டத்தில் பார்க்கலாம். சோங் பட்டைப் பழித்தவன் நாட்டில் பெரிய அதிகாரிகளுக்கு ஊதாவும் சிவப்பும். குடிமக்களுக்கு நீலமும் பச்சையும். ஏன் இந்தப் பாகுபாடு? உயர்ந்தோர் தாழ்ந்தோர் வேறுபாடு கண்ணுக்குத் தெரியவேண்டும் என்பதற்காக! காரணத்தை வெட்கமின்றி எழுதியே வைத்திருக்கிறார்கள். அதைவிட வேடிக்கை, எழுத்துப்பணி அதிகாரிகளுக்கு அவன் வகுத்த உடை: சோங் அதிகாரிகள் அணியும் அதே துணித்தொப்பி, அதே காலணி, அதே கைப்பலகை! தலையில் மட்டும் தாங்குத் மரபு, தலைக்குக் கீழே சோங் உத்தியோகம். எசமானை விரட்டிவிட்டு எசமானின் சட்டையை அணிந்துகொள்ளும் வேலை அன்றே தொடங்கிவிட்டது.

1038இல் முடிசூடியபின் சோங் மன்னருக்கு அவன் எழுதிய கடிதம் இன்னொரு விந்தை. தன்னைப் பேரரசனாக ஏற்குமாறு கேட்கும் கடிதம், ஆனால் அதில் தன்னை 'அடியேன்' நிலையில் வைத்தே எழுதுகிறான். அதோடு, தன் உரிமைக்கு அவன் காட்டும் ஆதாரம் என்ன? தன் மக்களின் ஆதரவா? தான் உருவாக்கிய எழுத்தா? இல்லை, வம்சம்! வடக்கு வெய் அரசை நிறுவிய பழைய தோபா பேரரசர்களின் வழித்தோன்றல் நான் என்கிறான். அரச இரத்தம் ஓடுகிறதாம், ஆகவே அரியணை உரியதாம். பிறப்பின் பேரால் தன்னைத் தாழ்த்தியவர்களிடம் போய், பிறப்பின் பேராலேயே பெருமை கேட்கிறான். இந்த மயக்கம் இல்லாத கலகக்காரனை உலக வரலாற்றில் தேடித்தான் பார்க்கவேண்டியிருக்கிறது.

சோங் மறுத்தது. மறுத்தவர்களின் யோக்கியதையையும் சொல்லிவிடவேண்டும். வடக்கே கித்தானியர் ஆண்ட லியாவ் அரசு வலிமை மிக்கது. அவர்களும் சீனர் அல்லர், மேய்ச்சல் குலத்தவரே. 1005இல் அவர்களோடு உடன்படிக்கை செய்து, சகோதர உறவு கொண்டாடி, ஆண்டுக்கு 1,00,000 தேல் வெள்ளியும் 2,00,000 சுருள் பட்டும் கொடுத்துவந்தது இதே சோங். ஒரு வானத்தின் கீழ் ஒரே சூரியன், ஒரே சக்கரவர்த்தி என்ற தத்துவம் அங்கே எங்கே போயிற்று? குதிரைப்படை பெரிதாக இருந்தால் சகோதரன், சிறிதாக இருந்தால் கலகக்காரன். தத்துவம் அவ்வளவுதான்!

ஆகவே போர் மூண்டது. 1040, 1041, 1042 என்று மூன்று ஆண்டுகளில் மூன்று பெருந்தோல்விகள் சோங்கிற்கு. நடுவில் நடந்த ஹாவ்ஷுய்ச்சுவான் போர்தான் கதைகளில் நிலைத்தது. தாங்குத் வீரர்கள் தோற்றோடுவதுபோல் ஓடினர், சோங் தளபதி ரென் ஃபூ துரத்தினார். பாதையோரம் மூடிய பெட்டிகள் கிடந்தன. உள்ளே ஏதோ படபடக்கும் ஓசை. திறக்கச் சொன்னார். நூற்றுக்கு மேற்பட்ட புறாக்கள், ஊதல் கட்டப்பட்டவை, விர்ரென்று மேலெழுந்து சோங் படையின் தலைக்கு நேரே வட்டமிட்டன. மலைமடிப்பில் பதுங்கியிருந்த யுவான்ஹாவுக்கு வேறு அடையாளம் வேண்டுமா? நான்கு பக்கமும் சூழ்ந்தான். ரென் ஃபூ மாண்டார். அவரோடு மாண்ட வீரர்கள் 10,000 பேருக்கு மேல். மிஞ்சிய படையோடு திரும்பிய சோங் பெருந்தலைவர் ஹான் சீயின் குதிரையை மறித்து, இறந்தவர்களின் பெற்றோரும் மனைவியரும் அவர்தம் பழைய துணிகளை ஏந்தி, பெயர் சொல்லி அழைத்து அழுதார்களாம். முகத்தை மூடிக்கொண்டு அழுதாராம் தலைவர்.

வென்ற நாட்டில் கொண்டாட்டமா? அதையும் சோங் வரலாறே சொல்கிறது, இந்த இடத்தில் நான் அதை நம்புகிறேன். பல போர்களில் வென்றும், தாங்குத் தரப்பில் மாண்டோரும் காயம்பட்டோரும் ஏராளம். ஆண்பிள்ளை 15 வயதைத் தொட்டால் படைக்கணக்கில் சேர்க்கும் நாடு அது. ஓயாத படைத்திரட்டலில் மக்கள் ஓய்ந்தனர். சந்தை மூடியதால் தேயிலை இல்லை, துணி இல்லை. அவர்கள் விற்ற உப்பை வாங்க ஆள் இல்லை. நாட்டில் ஒரு பாட்டுப் பரவிற்று, பத்து வகையில் நம் நிலை தாழ்ந்ததென்று புலம்பும் வசைப்பாட்டு. பாடியது எதிரியல்லன், அவன் குடிமகன். தந்தை சொன்ன பட்டும் அமைதியும் ஏழைக்கு என்ன பொருள் தந்தன என்று அரண்மனை மகனுக்குத் தெரியவில்லை. மேய்ச்சல் நிலத்துக் கிழவிக்குத் தெரிந்திருந்தது.

1044இல் உடன்படிக்கை. ஆண்டுதோறும் சோங் கொடுக்கவேண்டியது 72,000 தேல் வெள்ளி, 1,53,000 சுருள் பட்டு, 30,000 கட்டி தேயிலை. பதிலுக்கு அவன் சோங்கிற்குப் பணிந்த 'சியா நாட்டுத் தலைவன்' என்று கையெழுத்திட்டான், தன் நாட்டுக்குள் பேரரசனாகவே இருந்துகொண்டான். அவ்வளவு வெள்ளியும் பட்டும் போனதற்குச் சோங் ஏட்டில் என்ன பெயர் தெரியுமா? கப்பம் அல்ல, தண்டம் அல்ல, 'கொடை'! பேரரசர் மனமிரங்கி அருளினாராம். உதைபட்டவன் கொடுத்தால் கொடை, உதைத்தவன் வாங்கினால் பணிவு. சொற்களை யார் கையில் விட்டிருக்கிறோம் என்று பாருங்கள்!

சொற்களைப் பற்றிப் பேச்சு வந்ததால், அவன் செய்ததில் தலைசிறந்த வேலைக்கு வருகிறேன். 1036இல் தாங்குத் மொழிக்கு எழுத்து வெளியிட்டான். ஏறத்தாழ 6,000 எழுத்துருக்கள். மொழியோ திபெத்தியத்துக்கு உறவானது. எழுத்தோ சீனத்தைப் போலச் சதுரச் சதுரமாக, ஆனால் ஒரு சீன எழுத்தைக்கூட அப்படியே கடன் வாங்காமல், சீனத்தைவிடவும் கோடுகள் செறிந்து நிற்பது. 'கோடுகள் வீணாக மடங்கி மடங்கி வருகின்றன' என்ற பொருளில் சோங் சரித்திரக்காரன் உதட்டைப் பிதுக்கினான். அவன் உதட்டைப் பற்றி நமக்குக் கவலையில்லை. ஆயினும் நாமும் ஒன்று கேட்கவேண்டும். பக்கத்திலேயே திபெத்தியரிடம் சில பத்து எழுத்துகளில் அடங்கும் நெடுங்கணக்கு இருந்தது. உய்குர் மக்களிடமும் இருந்தது, அவர்களின் கான்சோவை 1028இல் வென்றவன் யுவான்ஹாவே. எளிய வழி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, குடியானவன் மகன் ஆண்டுக்கணக்கில் மனனம் செய்யவேண்டிய 6,000 உருக்கள் எதற்கு? சீன எழுத்துக்குச் சமமாகத் தோன்றவேண்டும் என்ற ஆசை! கைப்பலகையில் கண்ட அதே நோய், இங்கே எழுத்தாணியில்.

இருந்தும், அந்த எழுத்தை வீண் பெருமை என்று ஒதுக்கும் புலவர்களோடு நான் சேரமாட்டேன். தன் மொழியைத் தன் எழுத்தில் பார்க்கும் மக்களின் மகிழ்ச்சியை, வாழையடி வாழையாக எழுத்துடையோர் எடைபோட இயலாது. 1039இல் தாங்குத் பள்ளி தொடங்கினர். சீன நூல்கள் சில அங்கே மொழிபெயர்க்கப்பட்டன. அவற்றுள் ஒன்று, பெற்றோரைப் போற்றும் கடமையைக் கற்பிக்கும் கன்பூசிய நூல். கற்பிக்க ஆணையிட்டவன் யார்? 1034இல் தாய்வழி உறவினன் ஒருவன் சதி செய்தான் என்பதற்காக, பெற்ற தாய்க்கே நஞ்சூட்டிக் கொன்று, அவ்வுறவினன் குலத்தையே ஆற்றில் மூழ்கடித்தவன்! நூல் என்ன சொல்லும், மாணவன் என்ன நினைப்பான்?

எழுத்தை ஆக்கியவன் மன்னனே என்று ஒரு குறிப்பு, அறிஞர் யேலி ரென்ரோங் அதை விரித்து 12 தொகுதிகளாக ஆக்கினார் என்று அதற்கு வால். நம்பலாமா? நாட்டை ஆண்டு, போர் நடத்தி, உறவினரைக் கொன்று, இடையில் 6,000 எழுத்துருவும் வரைய எந்த மன்னனுக்கு நேரம் இருந்தது? தாங்குத் மக்களுக்கே உண்மை தெரிந்திருந்தது. யேலி ரென்ரோங் இறந்து நெடுங்காலத்துக்குப் பின், 1162இல், எழுத்தாக்கிய ஆசானென்று அவருக்குச் சிறப்புப் பட்டம் அளித்தது அவ்வரசே. சோங் அறிஞர் ஷென் குவோ வேறொரு பெயர் சொல்கிறார்: யூச்சி என்பவர் மாடி அறையொன்றில் தனியே பல ஆண்டுகள் அமர்ந்து எழுத்தை உருவாக்கி மன்னனுக்கு அளித்தாராம். யேலி குலத்தில் யூச்சி என்ற பெயருடைய தளபதியை யுவான்ஹாவ் என்ன செய்தான்? எதிரி பரப்பிய சந்தேகத்தை நம்பிக் கொன்றான். கொன்றபின் அவர் மனைவியைத் தனதாக்கிக்கொண்டான்.

சீனப் பட்டை வெறுத்தவனின் முடிவு அங்கிருந்துதான் தொடங்குகிறது. பட்டத்து இளவரசன் நிங்லிங்கெ, யேலி குலத்து அரசியின் மகன். அவனுக்கு மணம் பேசிய பெண்ணின் அழகில் தந்தை மயங்கினான், பிடுங்கிக்கொண்டான். யேலி அரசியைப் பதவியிலிருந்து இறக்கினான். 1048இல் இளவரசன் வாளோடு அரண்மனை புகுந்தான். வாள் பாய்ந்தது மூக்கில். மூக்கறுந்த மன்னன் அந்தக் காயத்திலேயே மாண்டான். இளவரசனைத் தூண்டிவிட்ட மொசாங் குலத்தானே அவனைப் பிடித்துக் கொன்றான். யூச்சியின் மனைவி வயிற்றில் யுவான்ஹாவுக்குப் பிறந்த, ஓராண்டும் நிறையாத குழந்தையை அரியணையில் உட்காரவைத்தனர். 3 நாளில் நாட்டையே மொட்டையடித்தவனால் தன் வீட்டு மருமகளின் மானத்தை மதிக்க இயலவில்லை. பெண்ணைப் பொருளாக எண்ணும் இந்தப் புத்தி சோங் அரண்மனையிலும் இருந்தது, தாங்குத் அரண்மனையிலும் இருந்தது. அதற்கு மட்டும் எல்லைக்கோடு இல்லை.

அரசு நீடித்தது 1227 வரை. அவ்வாண்டு மங்கோலியர் அதனை நசுக்கினர். அதே படையெடுப்பின்போதுதான் செங்கிஸ்கானும் இறந்தான். பின்னர் சீனத்தை ஆண்ட மங்கோலிய யுவான் அரசு, 1340களில் முன்னோர் அரசுகளுக்கு முறைப்படி வரலாறு எழுதிற்று. சோங்கிற்கு ஒன்று. லியாவுக்கு ஒன்று. ஜின்னுக்கு ஒன்று. சியாவுக்கு? ஏடு இல்லை! மற்ற மூன்றின் கடைசியில், அயல்நாடுகள் பகுதியில் ஒண்டுக்குடித்தனம். ஏறத்தாழ 190 ஆண்டு ஆண்டவர்கள், பிறர் வீட்டுத் திண்ணையில்! தாங்குத் மக்களைப் பற்றி நாம் அறிந்ததெல்லாம் நெடுங்காலம் எதிரியின் கைப்பட எழுதியதே. மேலே நான் எடுத்துக்காட்டிய கொடுமைகளும் பெரும்பாலும் அந்தக் கையெழுத்துதான் என்பதை ஒளிக்க மாட்டேன். ஆனால் எதிரி எழுதினான் என்பதற்காகவே ஒரு கொலை நடவாததாகிவிடாது.

பிறகு பாலைவனம் வாய் திறந்தது. 1908-09இல் ருஷ்யப் பயணி கோஸ்லோவ், மணல் மூடிக் கிடந்த காராகோத்தோ என்ற தாங்குத் நகரில் ஆயிரக்கணக்கான ஏடுகளைக் கண்டெடுத்துப் பீட்டர்ஸ்பர்க் கொண்டுபோனார். அவற்றுள் 1190இல் அச்சான தாங்குத்–சீனச் சொற்கோவை ஒன்று இருந்தது, தொகுத்தவர் குலெ மாவ்சாய். தாங்குத் மொழி அறியாமல் தாங்குத் மக்களிடையே எப்படிப் புழங்குவது, சீனம் அறியாமல் சீனரோடு எப்படிக் கலப்பது என்று அதன் முன்னுரையில் கேட்கிறார் அவர். மன்னன் மறைந்து ஒரு நூற்றாண்டுக்கு மேலான பின்பு, தலையை மழிக்கச் சொல்லாமல், கழுத்தை வெட்டாமல், இரு மொழிகளையும் அருகருகே நிறுத்திய அந்த மனிதரைப் பற்றி எந்த வீரவணக்க நண்பரும் பாடியதாகத் தெரியவில்லை.

அச்சொற்கோவையைத் திறவுகோலாகக் கொண்டு மொழியை மீட்டவர்களுள் முதன்மையானவர் நிகோலாய் நெவ்ஸ்கி. 1937இல் அவரையும் அவருடைய ஜப்பானிய மனைவியையும் பொய்க் குற்றம் சாட்டி ஸ்டாலின் அரசு சுட்டுக் கொன்றது. அவர் எழுதிவைத்த தாங்குத் ஆய்வு 1960இல் அச்சேறியது. 1962இல் லெனின் பரிசு, இறந்த மனிதருக்கு! எழுத்தை ஆக்கியவரில் ஒருவரையும் படித்தவரில் ஒருவரையும் அதிகாரம் கொன்றது, இடையே 900 ஆண்டு.

எழுத்தில் என்ன இருந்தது? பெரும்பகுதி பௌத்த மறைநூல். 1038இல் தொடங்கி 1090 வரை, 50 ஆண்டுக்கு மேலாக உழைத்து, 3,500க்கும் மேற்பட்ட சுவடிகளை மொழிபெயர்த்திருக்கிறார்கள். உழவனுக்கு எழுத்து வருமுன் மடத்துக்கு எழுத்து வந்துவிட்டது. எந்த நாட்டிலும் இதே வரிசைதான், தாங்குத்தை மட்டும் நோவானேன்? ஆனால் மணலில் அவை மட்டும் இல்லை. சட்டத் தொகுதி இருந்தது, பழமொழித் திரட்டு இருந்தது, மருத்துவக் குறிப்பு இருந்தது. விதைப்புக்கும் பசிக்கும் தானியம் கடன் வாங்கிய ஏழைகளின் ஒப்பந்தச் சீட்டுகளும் இருந்தன: இன்னார் இவ்வளவு கோதுமை வாங்கினார், அறுவடைக்குப்பின் வட்டியோடு இவ்வளவு திருப்பித் தருவார், சாட்சி இன்னார். பேரரசனின் கடிதங்களைக் காட்டிலும் அந்தக் கடன்சீட்டுகள் அந்த நாட்டைப் பற்றி எனக்கு அதிகம் சொல்கின்றன. மன்னன் கனவு கண்ட 6,000 எழுத்தும் கடைசியில் பசித்தவனின் கைநாட்டுக்கு அருகில் வந்து நின்றன.

2016இல் அந்த எழுத்துகள் கணினிக்கான ஒருங்குறியில் இடம்பெற்றன. 2025இல் ஹெலான் மலையடியிலுள்ள தாங்குத் மன்னர்களின் கல்லறைகளுக்கு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தகுதி அளித்தது. கல்லறையைக் காணச் செல்வோர் கூட்டம் பெருகும், மன்னர் புகழும் பெருகும். எனக்குக் காணவேண்டும் என்று தோன்றுவது வேறு. சீனத்தின் பாவ்டிங் நகரில், தாங்குத் நாட்டிலிருந்து நெடுந்தொலைவில், 1962இல் இரண்டு கல்தூண்கள் கிடைத்தன. இறந்துபோன இரு துறவிகளுக்காக நட்டவை. தாங்குத் எழுத்தில் வெட்டியவை. நன்கொடையாளர்களின் பெயர்களும் அவற்றில் உண்டு. நட்ட ஆண்டு 1502. அரசு அழிந்து 275 ஆண்டு ஆகியிருந்தது. கெடு விதிக்க அப்போது மன்னன் யாரும் இல்லை.